நரம்புவழி இயங்கும் செயற்கை உறுப்பு

நரம்புவழி இயங்கும் செயற்கை உறுப்பு என்பது, கை அல்லது கால் இழந்த ஒருவரின் உடலில் எஞ்சியுள்ள நரம்புகளிலிருந்தோ, அந்நரம்புகள் இயக்கும் தசைகளிலிருந்தோ பெறப்படும் மின் சமிக்ஞைகளால் இயங்கும் செயற்கைக் கை அல்லது கால் ஆகும். தோளின் அசைவால் கம்பியை இழுத்து இயக்கப்படும் பழைய வகைக் கைகளிலிருந்தும், தோற்றத்திற்காக மட்டும் அணியப்படும் அசையாக் கைகளிலிருந்தும் இது வேறுபட்டது. அறிபுனைக் கதைகளிலும் திரைப்படங்களிலும் வரும் சைபோர்க் எனப்படும் பாதி மனித, பாதி இயந்திரக் கதைமாந்தர்களின் கை கால்களுக்குப் பின்புலமாக அமைவதும் இந்நுட்பமே.

கதைகளில் இயந்திரக் கை பெரும்பாலும் அதன் வலிமைக்காகவே பேசப்படுகிறது. அது இரும்பை வளைக்கும், சுவரை உடைக்கும். உண்மையில் வலிமையான மோட்டாரைச் செய்வது மனிதருக்கு நெடுங்காலமாகக் கைவந்த வேலை. நரம்பும் உலோகமும் சந்திக்கும் இடத்தில்தான் இத்துறையின் கடினம் முழுவதும் உள்ளது. பெரும்பாலான கதைகள் அந்த இடத்தை ஓர் அறுவை அரங்கின் கதவை மூடித் திறப்பதன் மூலம் கடந்துவிடுகின்றன.

பெயரும் பழங்கதைகளும்

சைபோர்க் என்னும் சொல்லை 1960 ஆம் ஆண்டில் மன்ஃபிரெட் கிளைன்சு, நேத்தன் கிளைன் ஆகிய இருவரும் உருவாக்கினர். அவர்கள் கருதியது கை இழந்தவர்களை அன்று. விண்வெளியில் பூமியின் சூழலை உருவாக்கிக் கொடுப்பதற்கு மாறாக, விண்வெளிக்கு ஏற்ப மனித உடலை மாற்றியமைக்கலாம் என்பதே அவர்களின் முன்மொழிவு. இச்சொல்லின் முற்பாதி, நோர்பர்ட் வீனர் 1948 இல் வெளியிட்ட நூலால் பரவிய சைபர்நெட்டிக்சு என்னும் துறைப்பெயரிலிருந்து வந்தது. அப்பெயரின் மூலம் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகும். சுக்கான் பிடிப்பவர் படகு எவ்வளவு திரும்பியது என்பதைப் பார்த்துக்கொண்டே அடுத்த அசைவைத் தீர்மானிக்கிறார். செயலின் விளைவு மீண்டும் செயலைத் திருத்துவதாகிய இந்தப் பின்னூட்டமே அத்துறையின் மையக்கருத்து.

இழந்த உறுப்புக்கு மாற்றாக உலோக உறுப்பு பொருத்தப்படுவது பழங்கதைகளில் பல இடங்களில் காணப்படுகிறது. இருக்கு வேதத்தில் போரில் கால் இழந்த விசுபலைக்கு அசுவினிகள் இரும்புக் கால் அளித்ததாகக் குறிப்பு உண்டு. தவறு நேர்ந்ததற்குத் தண்டனையாகத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட பாண்டியனின் கதையைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. அவன் பொன்னால் கை செய்து பொருத்திக்கொண்டதால் பொற்கைப் பாண்டியன் என மரபில் அறியப்படுகிறான். பாண்டியனின் பொற்கை நீதியின் அடையாளம். அது அசைந்ததாகக் கதை சொல்லவில்லை. அயர்லாந்துத் தொன்மத்தின் நுவாடா அரசனுக்குச் செய்யப்பட்ட வெள்ளிக் கையோ ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு மூட்டும் அசையும் கையாக வருணிக்கப்படுகிறது. இன்றைய சைபோர்க் கதைமாந்தர்களின் முன்னோடி என நுவாடாவையே கொள்ள வேண்டும்.

நரம்பில் செல்லும் செய்தி

மூளையிலிருந்து விரலுக்குச் செல்லும் கட்டளை மின்கம்பியில் ஓடும் மின்னோட்டம் போன்றதன்று. ஓய்வில் இருக்கும் நரம்பிழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டப்படும்போது சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால் இவ்வழுத்தம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி நேரத்திற்குத் தலைகீழாகி, பின்னர் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இத்துடிப்பு இழை நெடுகப் பரவிச் செல்லும். கொழுப்புறை கொண்ட தடித்த இழைகளில் இதன் வேகம் நொடிக்கு 100 மீட்டர் அளவை எட்டுகிறது.

ஓர் இழையில் செல்லும் துடிப்புகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே உயரமுடையவை. மெல்லப் பிடிப்பதற்கும் இறுகப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு நொடியில் எத்தனை துடிப்புகள் செல்கின்றன, எத்தனை இழைகளில் செல்கின்றன என்பதில் அடங்கியுள்ளது. ஆகவே ஒரு நரம்பைப் படிப்பது என்பது, திருவிழாக் கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டு குறிப்பிட்ட சிலரின் பேச்சை மட்டும் பிரித்துக் கேட்பதற்கு ஒப்பானது. நரம்பின் மேலுறையில் வைக்கப்படும் மின்முனையை வந்தடையும் சமிக்ஞை மைக்ரோவோல்ட் கணக்கிலேயே இருக்கும். அருகில் ஒரு தசை சுருங்கினாலே அதன் மின்னோசை இதனை மூழ்கடித்துவிடும்.

மனிதக் கைக்குச் செல்லும் நரம்புகளில் உள்ள இழைகளை வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எண்ணிக் கணக்கிட்டு 2017 இல் வெளியிட்டனர். ஒரு கைக்குச் சுமார் 3,50,000 இழைகள் செல்கின்றன. அவற்றில் தசையை இயக்குபவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே. மற்றவை தொடுதல், அழுத்தம், வெப்பம், வலி, மூட்டின் நிலை போன்ற செய்திகளைக் கையிலிருந்து கொண்டுசெல்லும் உணர்விழைகள். நரம்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால், கை என்பது வேலை செய்யும் கருவியாக இருப்பதைவிடப் பெருமளவு உணரும் உறுப்பாகவே அமைந்துள்ளது. கட்டளைகளை மட்டும் கடத்தும் செயற்கைக் கை எத்துணைச் சிறப்பாகச் செய்யப்பட்டாலும், இந்தப் போக்குவரத்தில் பெரும்பகுதியைக் கைவிட்ட கையே ஆகும்.

கை துண்டிக்கப்பட்ட பின்னரும் இந்நரம்புகள் அழிந்துவிடுவதில்லை. எஞ்சிய பகுதியில் அவை உயிருடன் இருக்கின்றன. மூளை அனுப்பும் விரலசைவுக் கட்டளைகள் துண்டிக்கப்பட்ட முனை வரை வந்து நிற்கின்றன. இழந்த கை இன்னும் இருப்பதாகவும், சிலருக்கு அது வலிப்பதாகவும் தோன்றுவது இதனோடு தொடர்புடையது. இம்மாய உறுப்பு வலி குறித்து ஆராய்ந்தவர்களுள் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் குறிப்பிடத்தக்கவர். இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தோன்றச் செய்யும் எளிய கண்ணாடிப் பெட்டியை 1990களில் அவர் பயன்படுத்திக் காட்டினார். கை போன பின்பும் மூளையில் கையின் வரைபடம் நிலைத்திருக்கிறது என்பதே நரம்புவழிச் செயற்கை உறுப்புகளுக்கு நம்பிக்கை தரும் செய்தி.

தசையின் வழியாக

நரம்பின் மெல்லிய சமிக்ஞையைப் படிக்க இயலாத காலத்தில், அதற்கு இயற்கையே அமைத்த ஒரு பெருக்கி பயன்பட்டது. அது தசை. ஒரு நரம்பிழை பல தசையிழைகளை ஒருசேரத் தூண்டுவதால், தோலின் மேலேயே அளக்கக்கூடிய மின்னழுத்தம் கிடைக்கிறது. இவ்வாறு இயங்கும் உறுப்பு தசைமின் செயற்கை உறுப்பு எனப்படுகிறது.

மின்சாரமின்றித் தசையைப் பயன்படுத்தும் முயற்சி இதற்கும் முந்தியது. முதல் உலகப் போரின்போது செருமனியில் ஃபெர்டினான்ட் சாவர்புரூக் என்னும் அறுவை மருத்துவர், எஞ்சிய தசையின் ஊடே தோலால் போர்த்திய துளை ஒன்றை அமைத்து, அதில் தந்த முளையைச் செருகி, தசையின் இழுப்பைக் கையின் பொறிக்கு நேரடியாகக் கடத்தினார். 1948 இல் மியூனிக்கைச் சேர்ந்த ரைன்ஹோல்ட் ரைட்டர் முதல் தசைமின் கையைச் செய்து காட்டினார். வெற்றிடக் குழல்களால் ஆன அதன் மின்சுற்றை உடலில் சுமந்து செல்ல இயலாது. டிரான்சிஸ்டர் வந்த பின்னரே இந்நுட்பம் பணிமேசையிலிருந்து இறங்கி மனிதரோடு நடக்கத் தொடங்கியது. 1960ஐ ஒட்டி சோவியத் ஒன்றியத்தில் கோப்ரின்ஸ்கியின் குழு உருவாக்கிய கை நோயாளர்களின் பயன்பாட்டிற்கு வந்தது. அமெரிக்காவில் 1960களில் உருவான பாஸ்டன் கைக்குத் தூண்டுதலாக அமைந்தவர்களுள், இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தபோது மருத்துவர்களுடன் இதனைப் பற்றி உரையாடிய நோர்பர்ட் வீனரும் ஒருவர்.

வழக்கமான தசைமின் கையில் இரண்டு மின்முனைகள் மட்டுமே இருக்கும். முழங்கைக்குக் கீழே கை இழந்தவர் மணிக்கட்டை உட்புறம் மடக்குவதாக எண்ணி ஒரு தசையைச் சுருக்கினால் கை மூடும். எதிர்த்தசையைச் சுருக்கினால் திறக்கும். மணிக்கட்டைச் சுழற்ற வேண்டுமாயின், இரண்டு தசைகளையும் ஒருசேரச் சுருக்கி முதலில் கையின் செயல்நிலையை மாற்ற வேண்டும். ஐந்து விரல்களும் தனித்தனி மோட்டார் கொண்ட ஐ-லிம்ப் என்னும் கை 2007 இல் ஸ்கொட்லாந்திலிருந்து விற்பனைக்கு வந்தது. விரல்கள் ஐந்தானாலும் கட்டளை வாயில்கள் இரண்டாகவே இருந்தமையால், அணிபவர் முன்கூட்டியே அமைக்கப்பட்ட பிடிகளில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. பல மின்முனைகளின் சமிக்ஞைக் கோலத்தைக் கணினி கற்றுக்கொண்டு எண்ணிய அசைவை ஊகிக்கும் முறைகள் இக்குறையைப் பின்னர் ஓரளவு நீக்கின. ஆயினும் வியர்வையாலோ, மின்முனை சற்றே இடம் பெயர்வதாலோ கணினி கற்ற கோலம் பொய்த்துப்போவதுண்டு.

தோள் வரை கையை இழந்தவருக்கு இம்முறையால் பயன் குறைவு. விரலை இயக்கிய தசைகள் அவருக்கு எஞ்சியிருப்பதில்லை. எந்தக் கருவி அதிகம் தேவைப்படுகிறதோ, அதனை இயக்கும் வழி அவருக்கே மிகக் குறைவாக உள்ளது.

நரம்பை இடம் மாற்றுதல்

இம்முரண்பாட்டிற்கு சிகாகோவில் டாட் குய்க்கன் என்னும் மருத்துவரும் கிரெகரி டுமேனியன் என்னும் அறுவை மருத்துவரும் கண்ட தீர்வு, இத்துறையின் அழகிய சிந்தனைகளுள் ஒன்று. கைக்குச் சென்ற நரம்புகள் வேலையற்று நிற்கின்றன. கை இல்லாததால் மார்புத் தசைகளுக்கும் முன்போல் வேலையில்லை. எனவே மார்புத் தசைக்குரிய பழைய நரம்பைத் துண்டித்துவிட்டுக் கை நரம்புகளை அத்தசையில் இணைத்தால், அவை சில மாதங்களில் உள்ளே வளர்ந்து வேர்கொள்ளும். பின்னர் அவர் கையை மூட எண்ணும்போது மார்பின் ஒரு பகுதி துடிக்கும். முழங்கையை மடக்க எண்ணும்போது வேறொரு பகுதி துடிக்கும். அத்துடிப்புகளைத் தோலின் மேலிருந்து படித்துச் செயற்கைக் கையை இயக்கலாம்.

மின்விபத்தில் இரு கைகளையும் தோள் வரை இழந்த தொழிலாளி ஒருவருக்கு 2002 இல் இவ்வறுவை முதன்முதலாகச் செய்யப்பட்டது. இதில் எவரும் எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. நரம்பின் உணர்விழைகள் மார்புத் தோலிலும் வளர்ந்து பரவியிருந்தன. அவ்விடத்தைத் தொட்டபோது தன் இல்லாத கையைத் தொடுவதாக அவர் உணர்ந்தார். கையின் வரைபடம் ஒன்று மார்பின் மேல் எழுதப்பட்டது போலாயிற்று. துண்டிக்கப்பட்ட நரம்புக்குச் சென்றடைய ஓர் இடம் கிடைப்பதால் நரம்புக் கட்டி வலியும் மாய உறுப்பு வலியும் குறைவதாகப் பின்னர் தெரியவந்தது. இன்று இயந்திரக் கை அணியும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் வலியைத் தணிப்பதற்காக இவ்வறுவை செய்யப்படுகிறது.

இதே கருத்தின் வேறு வடிவங்களும் உள்ளன. மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவினர் துண்டிக்கப்பட்ட நரம்பின் கிளைகளைச் சிறு தசைத் துண்டுகளால் பொதிந்து, ஒவ்வொன்றையும் ஒரு பெருக்கியாக மாற்றினர். நான்கு பேரிடம் இதனைச் சோதித்த முடிவுகள் 2020 இல் வெளியாயின.

கால்களில் குறிப்பிடத்தக்க பணி மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹியூ ஹெர் குழுவினருடையது. ஹெர் 1982 இல் மலையேற்றத்தின்போது பனிப்புயலில் சிக்கி இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழ் இழந்தவர். இயல்பான காலில் ஒரு தசை சுருங்கும்போது அதன் எதிர்த்தசை நீள்கிறது. இந்த நீட்சியைக் கொண்டே மூளை மூட்டின் நிலையை அறிகிறது. வழக்கமான துண்டிப்பு அறுவையில் இவ்விணை அறுபடுகிறது. எஞ்சிய காலுக்குள் அத்தசைகளை மீண்டும் இணையாகத் தைத்துவிட்டால், காலில்லாத போதும் கணுக்கால் அசையும் உணர்வு எஞ்சும். 2016 முதல் செய்யப்பட்டுவரும் இவ்வறுவையின் பயனை ஆராய்ந்து 2024 இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்ட 7 பேரும் செய்துகொள்ளாத 7 பேரும் ஒரே வகை மின்காலை அணிந்து நடந்தனர். முன்னவர்களின் உச்ச நடைவேகம் 41 விழுக்காடு அதிகமாக இருந்தது. கால் ஒன்றே, வேறுபட்டது அதனை அணிந்தவரின் தசை தைக்கப்பட்ட விதம்.

நரம்புக்குள் மின்முனை

கதைமாந்தர்களின் கைகளுக்கு மிக நெருக்கமானது நரம்பிலேயே மின்முனையைப் பதிக்கும் முறை. இதில் நரம்பைச் சுற்றிப் பட்டையாக அணிவிப்பவை, நரம்பின் குறுக்கே ஊடுருவிச் செல்பவை, ஊசிப் படுகையாக உள்ளே இறங்குபவை எனப் பல உண்டு. உட்டா பல்கலைக்கழகத்தில் உருவான ஊசிப் படுகை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் 100 நுண்ணூசிகளைக் கொண்டது. நரம்புக்கான வகையில், வெவ்வேறு ஆழத்தில் உள்ள இழைகளை எட்டும்படி ஊசிகளின் நீளம் படிப்படியாக மாறும்.

இவ்வூசிப் படுகையை உடல் ஊனமற்ற ஒருவர் தாமே விரும்பிப் பதித்துக்கொண்ட நிகழ்வும் உண்டு. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெவின் வாரிக் 2002 மார்ச்சில் தம் இடக்கை நரம்பில் இதனைப் பதித்துக்கொண்டு, நியூயார்க்கிலிருந்து இணையத்தின் வழியே ரெடிங்கில் இருந்த ஓர் இயந்திரக் கையைத் திறந்து மூடிக் காட்டினார். சுமார் மூன்று மாதங்களுக்குப் பின் அது அகற்றப்பட்டது. இச்செயல் ஆய்வா விளம்பரமா என்னும் வாதம் அக்காலத்தில் எழுந்தது. எனினும் நலமான நரம்பு ஒன்று இத்தகைய பதிப்பைச் சில மாதங்கள் தாங்கும் என்பதை அது காட்டியது.

மாதங்கள் ஆண்டுகளாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. உடல் எந்த அந்நியப் பொருளையும் தழும்புத் திசுவால் சூழ்ந்து ஒதுக்க முயலும். ஊசிமுனைக்கும் நரம்பிழைக்கும் இடையே அத்திசு வளர வளரச் சமிக்ஞை மங்குகிறது. நரம்பு மென்மையானது, கை அசையும்போது நீண்டு சுருங்குவது. ஊசியோ கடினமானது. ஆழமாக ஊடுருவும் மின்முனை நுட்பமாகக் கேட்கும், ஆனால் விரைவில் கெடும். மேலே சுற்றியிருக்கும் பட்டை நெடுங்காலம் நிலைக்கும், ஆனால் கூட்டத்தின் இரைச்சலையே கேட்கும். இரண்டையும் ஒருங்கே தரும் மின்முனைக்காகவே இத்துறையின் உழைப்பில் பெரும்பகுதி செலவாகிறது.

தொடுவுணர்வு

மின்முனை கேட்பதற்கு மட்டுமன்றிப் பேசுவதற்கும் பயன்படும். செயற்கை விரல் நுனியில் உள்ள அழுத்த உணரியின் அளவை நரம்புக்குத் துடிப்புகளாக அனுப்பினால், அணிந்தவர் இல்லாத விரலில் தொடுதலை உணர்கிறார். கிளீவ்லாந்தில் டஸ்டின் டைலரின் குழு 2012 முதல் இவ்வாறு பதித்த பட்டை மின்முனைகளைக் கொண்டு, கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருவர் செர்ரிப் பழத்தை நசுக்காமல் பிடித்துக் காம்பைக் கிள்ளியதைக் காட்டியது. உரோமில் 2013 இல் சில்வெஸ்த்ரோ மிச்சேராவின் குழுவுடன் இணைந்து மருத்துவர்கள் மின்முனை பதித்த டென்மார்க்கைச் சேர்ந்தவர், பார்க்காமலேயே பொருளின் வடிவத்தையும் கடினத்தையும் பிரித்தறிந்தார். 2019 இல் உட்டா குழுவினரின் ஆய்வில் பங்குபெற்றவர் முட்டையை உடையாமல் எடுத்துவைத்தார், குலையிலிருந்து திராட்சையைப் பறித்தார். தொடக்கத்தில் இத்தூண்டல் எறும்பூர்வது போன்ற கூச்சமாகவே உணரப்பட்டது; துடிப்புகளின் தாளத்தை இயற்கை நரம்பைப் பின்பற்றி மாற்றியபோது அது அழுத்தமாக மாறியது. நரம்பு கேட்பது வெறும் மின்சாரத்தை அன்று, தனக்குப் பழகிய நடையை.

தொடுவுணர்வின் மதிப்பை வேறொரு நிகழ்விலும் காணலாம். 2016 இல் சூரிச்சு அருகே நடைபெற்ற சைபத்லான் போட்டியில் செயற்கைக் கை அணிந்தோர் துணி காய வைத்தல், ரொட்டி வெட்டுதல் போன்ற அன்றாட வேலைகளில் போட்டியிட்டனர். பல மோட்டார்க் கைகளை வென்று முதலிடம் பெற்றது, தோளசைவால் கம்பியை இழுத்து இயக்கும் எளிய பற்றுக்கருவி. கம்பியின் இறுக்கம் தோளில் தெரிவதால், எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதை அதனை அணிந்தவர் பார்க்காமலே அறிகிறார். விலையுயர்ந்த பல மின்கைகளில் அவ்வறிவு இல்லை.

உடலோடு பொருந்துதல்

செயற்கை உறுப்பைத் தாங்குவது வழக்கமாக எஞ்சிய உறுப்பின் மேல் அணியப்படும் ஒரு கிண்ணம். வெயிலில் வியர்க்கும், தோலை உராய்ந்து புண்ணாக்கும், எடையைத் தாங்கும் எலும்பில் அன்றிச் சதையில் தொங்கும். இழுக்கும் கை இயற்கைக் கையைவிட எடை குறைந்ததாயினும், இக்காரணத்தால் கனமாகத் தோன்றுகிறது. இதற்கு மாற்று சுவீடனில் தோன்றியது. எலும்பும் டைட்டானியமும் ஒன்றிப் பிணைவதை 1950களில் கண்டறிந்த பெர்-இங்வார் பிரானெமார்க், 1965 இல் அதனைப் பல் பொருத்தலில் பயன்படுத்தினார். 1990 இல் அதே முறையில் தொடை எலும்பினுள் தண்டு பொருத்தப்பட்டது. 2013 இல் கோத்தன்பர்க்கில் ஒருவரின் மேற்கை எலும்பில் பொருத்திய தண்டின் வழியாகவே நரம்பு, தசை மின்முனைகளின் கம்பிகளும் வெளிக்கொணரப்பட்டன. தோலைத் துளைத்து வெளிவரும் தண்டில் தொற்று ஏற்படும் வாய்ப்பு எஞ்சியிருப்பினும், ஆய்வுக்கூடத்திற்கு வெளியே அன்றாடம் பல ஆண்டுகள் பயன்பட்ட நரம்பிணைப்பு இதுவே.

மூளையிலிருந்து நேரடியாகச் சமிக்ஞை பெறும் முறை, தண்டுவடம் முறிந்து நரம்புகள் வழியே கட்டளை கீழிறங்காதவர்களுக்கானது. 2012 இல் வெளியான ஆய்வு ஒன்றில், இம்முறையில் பெண்ணொருவர் இயந்திரக் கையால் குப்பியை எடுத்துக் காபி பருகினார். கை மட்டும் இழந்த ஒருவருக்கு மண்டையோட்டைத் திறக்கும் தேவை பொதுவாக இல்லை.

கதைமாந்தர்கள்

மார்ட்டின் கைடின் 1972 இல் எழுதிய சைபோர்க் என்னும் புதினத்தின் நாயகன் ஸ்டீவ் ஆஸ்டின், சோதனை விமான விபத்தில் இரு கால்களையும் ஒரு கையையும் ஒரு கண்ணையும் இழந்து இயந்திர உறுப்புகள் பெறுகிறான். 1974 முதல் 1978 வரை ஒளிபரப்பான த சிக்ஸ் மில்லியன் டாலர் மேன் தொடர் இக்கதையை ஒட்டியது. தொடரின் தொடக்கத்தில் காட்டப்படும் விபத்து 1967 இல் நாசாவின் சோதனை ஊர்தி ஒன்றுக்கு உண்மையாகவே நேர்ந்ததாகும். அதன் விமானி உயிர் பிழைத்தார். ஆஸ்டினின் உறுப்புகள் அணுவாற்றலால் இயங்குபவை. உண்மைக் கைகளோ இரவில் மின்னேற்றப்பட வேண்டியவை. அவன் ஒரு கையால் வாகனத்தைத் தூக்கும்போது அதன் எடை கையோடு நிற்பதில்லை. இயற்கையான தோள் எலும்பு, முதுகெலும்பு வழியே தரைக்கு இறங்கியாக வேண்டும். கை உடையாமல் இருக்கலாம். அதைத் தாங்கும் தோள் உடைந்துவிடும்.

1980 இல் வெளியான ஸ்டார் வார்ஸ் வரிசைத் திரைப்படத்தின் இறுதியில் லூக் ஸ்கைவாக்கருக்குச் செயற்கைக் கை பொருத்தப்படுகிறது. மருத்துவ இயந்திரம் விரல்களை ஊசியால் குத்த அவன் கையை இழுத்துக்கொள்கிறான். சில நொடிகளே வரும் இக்காட்சி, வலிமையைக் காட்டாமல் உணர்வைச் சோதித்துக் காட்டுவதால் இவ்வகைக் காட்சிகளுள் தனித்து நிற்கிறது. அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையின் நிதியில் டெகா நிறுவனம் உருவாக்கி, 2014 இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற கைக்கு லூக் எனப் பெயரிடப்பட்டது இந்தப் பாத்திரத்தின் நினைவாகவே. மேலே கூறிய உட்டா ஆய்வில் திராட்சை பறித்ததும் அந்தக் கைதான்.

ஹிரோமு அரகாவா 2001 முதல் 2010 வரை வரைந்த ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் என்னும் ஜப்பானியப் படக்கதை இணைப்பின் கடினத்தை மறைக்காத அரிய படைப்பு. வலக்கையும் இடக்காலும் இழந்த எட்வர்ட் எல்ரிக், நரம்பை உலோகத்தோடு இணைக்கும் ஒவ்வொரு முறையும் கடும் வலியைத் தாங்குகிறான். பழகுவதற்கு ஆண்டுக்கணக்காகும் எனக் கதை கூறுகிறது. வளரும் சிறுவனாதலால் உறுப்பைத் திருத்தி அமைக்க வேண்டியிருக்கிறது. பனிப்பகுதியில் உலோகம் குளிர்ந்து சதையைக் கெடுக்கும் என்பதால் வேறு கலப்புலோகம் தேவைப்படுகிறது. கை உடையும்போதெல்லாம் அதனைச் செய்த வின்ரியிடம் திரும்பி வருகிறான். டியூஸ் எக்ஸ் வரிசையில் 2011 இல் வந்த நிகழ்பட ஆட்டத்தில், மின்முனையைச் சுற்றித் தழும்புத் திசு வளராதிருக்க இயந்திர உறுப்புடையோர் வாழ்நாள் முழுதும் ஒரு மருந்தை விலைக்கு வாங்கியாக வேண்டும். மருந்து கற்பனை, திசு கற்பனையன்று.

உறுப்பு யாருடையது என்னும் வினாவை எழுப்பிய படைப்புகளும் உள்ளன. 1987 இல் வெளிவந்த ரோபோகாப் திரைப்படத்தில், காவலர் மர்ஃபியின் ஒரு கையை மருத்துவர்கள் காப்பாற்றிவிடுகின்றனர்; முழு உடலும் இயந்திரமாக வேண்டும் எனக் கூறி நிறுவன அலுவலர் அதனை அகற்றச் செய்கிறார். மசமுனே ஷிரோவின் கோஸ்ட் இன் த ஷெல் கதையைத் தழுவிய 1995 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், முழு இயந்திர உடல் கொண்ட மோட்டோகோ குசனாகி, அரசுப் பணியிலிருந்து விலகினால் அவ்வுடலைத் திருப்பித் தர வேண்டியவளாக இருக்கிறாள்.

இதனையொத்த நிலை மெய்யுலகிலும் நேர்ந்துள்ளது. விழித்திரையில் 60 மின்முனைகளைப் பதித்துப் பார்வையற்றோருக்கு ஒளிப்புள்ளிகளாலான ஓரளவு பார்வையைத் தந்த ஆர்கசு 2 என்னும் கருவி, உலகெங்கும் 350க்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டது. இதனை உருவாக்கிய நிறுவனம் 2019 இல் அதன் உற்பத்தியை நிறுத்தியது. அடுத்த ஆண்டில் நிதி நெருக்கடியால் பணியாளர்களில் பெரும்பாலோரை விலக்கியது. பழுதானால் சரிசெய்யவோ உதிரிப் பாகம் தரவோ ஆளில்லாமல், இயக்கம் நின்ற கருவியைக் கண்ணுக்குள் வைத்தபடியே சிலர் வாழ நேர்ந்தது.